போன் கேமராவில் மிதக்கும் இடக்குறிகள்: ஏஆர் டேக்குகளை ஒழுங்குபடுத்தித் தேடவைக்க முழுமையான வழிகாட்டி

போன் கேமராவைத் தூக்கிப் பிடித்தால் எதிரே இருக்கும் இடங்களின் மேல் பெயர்ப்பலகைகள் மிதக்கும் ஏஆர் (நிஜக் காட்சியின் மேல் தகவலை ஏற்றிக் காட்டும் மிகைமெய்) செயலிகள் புதிதல்ல. அந்தப் பலகை ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் பதிவைத்தான் இடக்குறி அல்லது டேக் என்கிறோம். ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்த 2008லேயே விக்கிடியூட் அதைச் செய்து காட்டியது. அடுத்த ஆண்டு நெதர்லாந்திலிருந்து லேயர் வந்தது. அந்தக் காலச் செயலிகளை நெரிசலான தெருவில் திறந்தால் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, எதிரே இருக்கும் கட்டடமே மறைந்துபோகும். தேடி வந்தது அந்தக் குவியலுக்குள் எங்கோ கிடக்கும்.

கருவிகள் இன்று எவ்வளவோ முன்னேறிவிட்டன. அந்தக் குவியல் மட்டும் தானாகக் குறையவில்லை. காரணம் கேமராவிலோ சென்சாரிலோ இல்லை, இடக்குறிகளை அடுக்கி வைத்த விதத்தில் இருக்கிறது. ஆறு அங்குலத் திரையில் ஒரு நேரத்தில் ஆறேழு பலகைகளைத்தான் வசதியாகப் படிக்க முடியும். மற்றதையெல்லாம் மறைத்தாக வேண்டும். எதை மறைப்பது என்று செயலி தானே முடிவெடுக்க வேண்டுமானால், அதற்குத் தேவையான விவரத்தை ஒவ்வொரு குறியிலும் நாம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்கிறேன். 1984ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பல்லவர் சின்னங்கள், இரண்டு கிலோமீட்டருக்குள் நெருக்கமாக இருக்கின்றன. பெரிய சிற்பப் பாறை, சிறிய குகை, குகையின் தலைக்கு மேல் ஒரு கோயில், ஒரே இடத்துக்கு மூன்று நான்கு பெயர் என்று இடக்குறி வேலையில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அங்கே உண்டு. உங்கள் ஊர்ச் சந்தைக்கோ கல்லூரி வளாகத்துக்கோ இதே முறை பொருந்தும்.

படி 1: முதலில் போன் இல்லாமல் நடங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் போதும். மக்கள் எங்கே நிற்கிறார்கள், அங்கிருந்து எது கண்ணில் படுகிறது, பக்கத்தில் இருப்பவரிடம் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்தில் மலை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பம் அதன் கிழக்கு முகத்தில், தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. கோனேரி மண்டபம் என்ற குகைக் கோயில் மலைக்கு மேற்கே. வரைபடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆனால் நடுவில் பாறை நிற்கிறது. தபசுக்கு முன்னால் நிற்பவரின் திரையில் கோனேரி மண்டபத்தின் பலகை வந்தால், அவர் பாறைக்குள் கோயில் தேடுவார்.

அதனால் ஊரை முதலில் பார்வைப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மலையின் கிழக்குத் தெரு, மலை மேல் வடக்கு, மலை மேல் தெற்கு, மலைக்கு மேற்கு, கடற்கரைக் கோயில் வளாகம், ஐந்து ரதங்கள் வளாகம். ஒவ்வொன்றையும் வரைபடத்தின் மேல் ஒரு பலகோணமாகக் கையாலேயே வரைந்துவிடலாம். எது எதை மறைக்கிறது என்பதை முப்பரிமாண மாதிரி கட்டிக் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் சிறிய ஊருக்கு அவ்வளவு தேவையில்லை. கையால் வரைந்த ஆறு பலகோணம் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

படி 2: ஆயத்தொலைவுகளை எடுக்கும் விதம்

திறந்த வெளியில் நல்ல போன் காட்டும் இடம் சுமார் ஐந்து மீட்டருக்குள் சரியாக இருக்கும். பாறைக்கு அடியிலோ மரத்தடியிலோ அது கெடும். எனவே குகைக்குள் நின்று போனில் புள்ளி எடுக்காதீர்கள். செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துப் புள்ளி வையுங்கள். பிறகு நேரில் போய்ச் சரிபாருங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம். அதற்கு மேல் இலக்கம் சேர்ப்பதால் இந்த வேலைக்கு லாபமில்லை.

ஒவ்வொரு குறிக்கும் இரண்டு புள்ளி எடுங்கள் என்பது என் அழுத்தமான பரிந்துரை. ஒன்று பொருள் இருக்கும் இடம், மற்றொன்று அதை நின்று பார்க்கும் இடம். அர்ச்சுனன் தபசு கிட்டத்தட்ட 29 மீட்டர் அகலமுள்ள பாறைச் சிற்பம். அந்தப் பாறையின் நடுவில் ஒரே புள்ளி வைத்தால், வழிகாட்டும் அம்பு ஆளைப் பாறையின் பின்பக்கத்துக்கும் கூட்டிப்போகும். பலகையைப் பொருளின் புள்ளியில் மிதக்கவிட்டு, நடக்க வழி சொல்லும்போது நிற்கும் புள்ளியைப் பயன்படுத்துங்கள்.

அகலாங்கு முதலில் வருமா, நெட்டாங்கு முதலில் வருமா என்பதில் கவனம் தேவை. நாம் பேசும்போது அகலாங்கை முதலில் சொல்கிறோம். இடவிவரங்களைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பிலோ நெட்டாங்குதான் முதலில் வரும். மாற்றிப் போட்டால் கடற்கரைக் கோயில் வடக்கே 80 பாகைக்கு, அதாவது ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். இது உடனே கண்ணில் படும் பிழை. உயரத்தில் வருவது அப்படி எளிதில் பிடிபடாது.

ஜிபிஎஸ் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமியை ஒழுங்கான நீள்வட்ட உருவமாகக் கருதி, அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்து அளக்கிறது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் தெற்கே இந்தியப் பெருங்கடலில் பூமியின் ஈர்ப்பு குறைவாக இருப்பதால், கடல் மட்டம் அந்தக் கற்பனைப் பரப்புக்கு 100 மீட்டருக்கும் கீழே போகிறது. உலகிலேயே மிக ஆழமான தாழ்வு அதுதான். நம் கிழக்குக் கடற்கரையும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. மாமல்லபுரக் கடற்கரையில் நின்றால் நீள்வட்ட உயரம் ஏறத்தாழ மைனஸ் 90 மீட்டரை ஒட்டி வரும்.

ஆண்ட்ராய்டு வழக்கமாகத் தருவது நீள்வட்ட உயரம். ஐபோன் வழக்கமாகத் தருவது கடல் மட்டத்திலிருந்து உயரம், ஐஓஎஸ் 15 முதல் நீள்வட்ட உயரத்தையும் தனியாகக் கேட்டு வாங்கலாம். கோயிலின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் என்று எழுதிவைத்துவிட்டு, அதை நீள்வட்ட உயரமாக எடுத்துக்கொள்ளும் கருவியிடம் கொடுத்தால் பலகை வானத்தில் 90 மீட்டர் மேலே போய் நிற்கும். நிரலில் பிழையே இருக்காது, திரையில் மட்டும் ஒன்றும் தெரியாது. இந்த வம்பே வேண்டாம் என்றால் உயரத்தைத் தரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று மட்டும் எழுதுங்கள். குறி நிற்கும் தரையை விட ஆள் மேலே இருக்கிறாரா கீழே இருக்கிறாரா என்பதற்குப் பார்வைப் பகுதியே போதும்.

படி 3: ஒரு குறிக்குள் என்னென்ன எழுத வேண்டும்

பெயரும் ஆயத்தொலைவும் மட்டும் இருக்கும் பட்டியல் வரைபடத்துக்குப் போதும், ஏஆருக்குப் போதாது. மலையின் தெற்கே உள்ள ஒரு குகைக்கு நான் எழுதும் பதிவு இப்படி இருக்கும்:

அடையாள எண்: மல்லை 0037
பெயர்: மகிஷாசுரமர்த்தினி குகை
வேறு பெயர்கள்: மகிடாசுரமர்த்தினி மண்டபம், மகிஷமர்த்தினி குகை, துர்க்கை குகை
வகை: குகைக் கோயில்
துணைச்சொற்கள்: பல்லவர், துர்க்கை, அனந்தசயனம், படி ஏற வேண்டும், நிழல் உண்டு
தாய்க்குறி: மலை மேல் தெற்கு
பொருளின் புள்ளி, நிற்கும் புள்ளி: தனித்தனியே
தரையிலிருந்து உயரம்: 2 மீட்டர்
எங்கிருந்து தெரியும்: மலை மேல் தெற்கு மட்டும்
தோன்றும் தூரம்: 60 மீட்டர், மறையும் தூரம்: 80 மீட்டர்
முக்கியத்துவம்: ஐந்துக்கு நான்கு
நேரில் சரிபார்த்த தேதி

அடையாள எண்ணைப் பெயரிலிருந்து உருவாக்காதீர்கள். பெயரின் எழுத்தைத் திருத்தினால்கூட பழைய இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். எண் அர்த்தமில்லாமல் இருப்பதே நல்லது.

இந்தக் குகைக்கு நேர் மேலே ஒலக்கணேசுவரர் கோயில் இருக்கிறது. அகலாங்கும் நெட்டாங்கும் கிட்டத்தட்ட ஒன்றே. வரைபடத்தில் இரண்டு ஊசிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பதிவில் "எங்கிருந்து தெரியும்" என்ற வரி இருந்தால்தான் குகைக்கு முன்னால் நிற்பவருக்கு எது மேலே, எது எதிரே என்று செயலியால் பிரித்துச் சொல்ல முடியும். அதனால் கோயிலின் பதிவில் உயரத்தைக் கூட்டி, கீழிருந்து பார்க்கும்போது பலகைக்கு மேல்நோக்கிய அம்பு போடச் சொல்லி ஒரு குறிப்பும் சேர்த்துவிடுவேன்.

படி 4: வகை குறைவாக, துணைச்சொல் தாராளமாக

வகை என்பது திரையில் நிறமாகவும் சின்னமாகவும் மாறுகிறது. ஆறு ஏழுக்கு மேல் போனால் நிறத்தை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். குகைக் கோயில், ஒற்றைக்கல் ரதம், கட்டடக் கோயில், பாறைச் சிற்பம், வசதிகள், போக்குவரத்து, கடை. இந்த ஊருக்கு இவ்வளவு போதும். ஒரு குறிக்கு ஒரே வகைதான். இரண்டில் எது என்று குழப்பம் வந்தால், பார்க்க வருகிறவர் எதைச் சொல்லி விசாரிப்பார் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

துணைச்சொற்களுக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டாம். ஆனால் ஒரே பொருளுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்தும் ஒழுங்கு வேண்டும். ஒருவர் "கழிப்பறை" என்றும் இன்னொருவர் "கழிவறை" என்றும் எழுதினால் பாதி குறிகள் வடிகட்டியில் விடுபடும். நிலையான சொற்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற வடிவங்களைத் தேடல் அகராதியில் மட்டும் சேருங்கள்.

தாய்க்குறி, சேய்க்குறி உறவுதான் நெரிசலைக் குறைக்கும் பெரிய ஆயுதம். ஐந்து ரதங்கள் வளாகத்தில் திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தருமராசர், நகுல சகாதேவர் ரதங்களும், யானை, சிங்கம், நந்திச் சிற்பங்களும் இருக்கின்றன. எட்டு சேய்களுக்கும் சேர்த்து ஒரு தாய். தூரத்திலிருந்து வருகிறவருக்கு "ஐந்து ரதங்கள்" என்ற ஒரே பலகை. வளாகத்துக்குள் வந்ததும் தாய் மறைந்து, சேய்கள் தோன்ற வேண்டும். பல செயலிகள் அருகருகே இருக்கும் குறிகளைத் தானாகத் திரட்டி "8+" என்று ஒரு வட்டம் போட்டுவிடுகின்றன. வரைபடத்தில் அது சரி. கண் முன்னே ரதங்கள் நிற்கும்போது "8+" என்று காட்டினால் யாருக்கும் எதுவும் விளங்காது. பெயருள்ள தாய்க்குறியைக் கையால் எழுதுவதற்கு மாற்றே கிடையாது.

படி 5: அருகில் உள்ளவற்றைக் கண்டுபிடிப்பது

உங்களிடம் ஆயிரம் இரண்டாயிரம் குறிகள்தான் என்றால் சிறப்பு அடுக்குமுறை எதுவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் தூரம் கணக்கிட்டு வரிசைப்படுத்த இன்றைய போனுக்கு ஒரு நொடியே அதிகம். மாவட்டம், மாநிலம் என்று விரியும்போதுதான் இடவாரி அடுக்கு தேவைப்படும். போனிலேயே ஓடும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஆர் மரம், சர்வரில் போஸ்ட்ஜிஐஎஸ், கூகுளின் எஸ்2, ஊபரின் ஹெச்3 என்று பல வழிகள் உண்டு. எளிதில் புரிவது ஜியோஹேஷ். 2008ல் குஸ்தாவோ நீமேயர் உருவாக்கியது. உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு தருகிறது. குறியீட்டில் ஒவ்வொரு எழுத்து கூடும்போதும் கட்டம் சிறிதாகும். ஐந்து எழுத்துக்குச் சுமார் 5 கிலோமீட்டர் கட்டம், ஆறுக்கு 1.2 கிலோமீட்டருக்கு 600 மீட்டர், ஏழுக்குச் சுமார் 150 மீட்டர்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கடற்கரைக் கோயிலின் ஆயத்தொலைவு ஏறத்தாழ 12.6164, 80.1986. ஐந்து ரதங்களுடையது 12.6089, 80.1897. இடையே ஒன்றேகால் கிலோமீட்டர் சொச்சம். 5 கிலோமீட்டர் கட்டத்தில் இரண்டும் ஒன்றாக விழும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் நான்கு எழுத்தும் ஒன்றாக வருகின்றன, ஐந்தாவது மாறிவிடுகிறது. கடற்கரைக் கோயிலுக்கு அங்கே ஓர் எழுத்து, ஐந்து ரதங்களுக்கு 8 என்ற எண். 12.6123 என்ற அகலாங்கில் கட்டத்தின் கோடு ஊருக்குக் குறுக்கே போகிறது. இன்னும் வடக்கே 12.65625ல் அதைவிடப் பெரிய கோடு ஒன்று போகிறது. கடற்கரைக் கோயிலிலிருந்து நாலரை கிலோமீட்டர்கூட இல்லை. அதைத் தாண்டினால் மூன்றாவது எழுத்தே 1லிருந்து 3 ஆகிவிடும்.

ஆகவே ஆள் நிற்கும் கட்டத்தில் மட்டும் தேடினால் கோட்டுக்கு அந்தப்பக்கம் பத்தடி தள்ளி இருப்பதுகூடக் கிடைக்காது. நிற்கும் கட்டத்தோடு சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்து எடுங்கள். அப்புறம் உண்மையான தூரத்தைக் கணக்கிட்டு வெளியே உள்ளவற்றைத் தள்ளுங்கள். கட்டமே இல்லாமல் வெறும் செவ்வகமாகவும் வடிகட்டலாம். இந்த அகலாங்கில் ஒரு பாகை வடக்கு தெற்காக 110.6 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 108.6 கிலோமீட்டர். 200 மீட்டர் ஆரத்துக்கு இரண்டு பக்கமும் 0.0019 பாகை கூட்டிக் கழித்தால் போதும்.

படி 6: திசை எவ்வளவு நம்பத்தக்கது

தூரம் குறைவாக இருக்கும்போது இடப்பிழை படுத்தும். தூரம் கூடும்போது திசைகாட்டிப் பிழை படுத்தும். போன் ஐந்து மீட்டர் தவறாக இருந்தால், 20 மீட்டரில் உள்ள குறி 14 பாகை விலகித் தெரியும். 200 மீட்டரில் அதே பிழை ஒன்றரைப் பாகைக்குள்தான். திசைகாட்டி 10 பாகை தவறினால், 200 மீட்டரில் பலகை 35 மீட்டர் தள்ளி நிற்கும். இரும்பு வேலி, நிறுத்திய கார், போன் உறையில் உள்ள காந்தம் எல்லாமே 10 பாகைப் பிழையைச் சுலபமாகத் தரும்.

இதிலிருந்து இரண்டு விதி எடுத்துக்கொள்ளலாம். 15 மீட்டருக்குள் வந்துவிட்ட குறியை மிதக்கவிடாதீர்கள், திரையின் கீழே அட்டையாகக் காட்டுங்கள். திசைகாட்டியின் பிழை 20 பாகைக்கு மேல் போவதாகத் தெரிந்தால் கேமராக் காட்சியை விட்டு, தூர வரிசைப் பட்டியலுக்கு மாறுங்கள். ஐபோன் இந்தப் பிழையைப் பாகையிலேயே தருகிறது. ஆண்ட்ராய்டில் பழைய சென்சார் வழியில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற நிலைதான் கிடைக்கும். அதில் குறைவு என்று வந்தாலே மாறிவிடலாம். தவறான இடத்தில் மிதக்கும் பலகையை விட நேர்மையான பட்டியல் நல்லது.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் தமிழ்நாட்டில் ஓரிரு பாகைதான், கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே பலர் அந்தத் திருத்தத்தை விட்டுவிடுகிறார்கள். அதே செயலியை டொராண்டோவில் திறந்தால் எல்லாப் பலகையும் சுமார் 10 பாகை தள்ளி நிற்கும். ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் இதற்குத் தயாரான வசதி இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

கேமராப் படத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையும் வந்துவிட்டது. ஆப்பிள் 2020ல் தன் ஏஆர் நிரல் தொகுப்பான ஏஆர்கிட் 4 உடன் சில நகரங்களில் தொடங்கியது. கூகுள் 2022ல் ஸ்ட்ரீட் வியூ படங்களை அடிப்படையாக வைத்துத் தன் தொகுப்பான ஏஆர்கோரில் கொண்டுவந்தது. கிடைக்கும் இடத்தில் ஜிபிஎஸ்ஸை விடப் பல மடங்கு நன்றாக இருக்கும். ஆனால் தெருப்படம் எடுக்காத மலைப்பாதையில் அது உதவாது. கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பார்க்கும் அழைப்பு இரண்டிலும் உண்டு. இல்லை என்று பதில் வந்தால் செயலி பழைய வழியில் தடையில்லாமல் ஓட வேண்டும்.

படி 7: திரைக்கு யார் வருவது

இப்போது பதிவில் எழுதிவைத்ததெல்லாம் வேலைக்கு வருகிறது. வரிசையாக வடிகட்டுங்கள். ஆள் நிற்கும் பார்வைப் பகுதியிலிருந்து தெரியாதவை வெளியே. தோன்றும் தூரத்துக்கு அப்பால் உள்ளவை வெளியே. கேமராவின் பார்வைக்கு இரண்டு பக்கமும் பத்துப் பாகை கூடுதலாக எடுத்து, அதற்கும் வெளியே உள்ளவை வெளியே. மிச்சம் இருப்பவற்றுக்கு மதிப்பெண் போடுங்கள். தேடல் சொல்லோடு பொருந்தினால் எல்லாவற்றுக்கும் மேல். அடுத்து முக்கியத்துவம், பிறகு தூரம், கடைசியாகத் திரையின் நடுவுக்கு எவ்வளவு அருகில் என்பது. முதல் ஏழு பலகைகளை மட்டும் வரையுங்கள்.

தூரத்தை முக்கியத்துவத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படி வைத்தால் வெண்ணெய் உருண்டைக்கல்லை நோக்கிப் பிடித்த திரையில், அந்த 250 டன் பாறையைத் தாண்டிக்கொண்டு பக்கத்துக் குளிர்பானக் கடை முதலில் வரும்.

தோன்றும் தூரமும் மறையும் தூரமும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று பதிவில் எழுதியதற்குக் காரணம் இதுதான்: இரண்டும் 60 மீட்டர் என்று வைத்தால், ஆள் அசையாமல் நின்றாலும் ஜிபிஎஸ் ஆடுவதால் பலகை விட்டு விட்டு மின்னும். 60ல் தோன்றி 80ல் மறைந்தால் மின்னாது. அதேபோல் வரிசை மாறினால் உடனே பலகையை இடம் மாற்றாதீர்கள். ஒன்றிரண்டு நொடி அதே நிலை நீடித்தால் மட்டும் மாற்றுங்கள். படித்துக்கொண்டிருக்கும் பலகை கையை விட்டு ஓடினால் அதைவிட எரிச்சல் வேறில்லை.

படி 8: தமிழில் தேடல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஆங்கிலத்துக்காகச் செய்த தேடல் கருவியை அப்படியே எடுத்துத் தமிழுக்குப் போட்டால் அது பாதியில் விழுகிறது.

முதல் விழுதல் சொல்லைப் பிரிக்கும் இடத்தில். எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 தேடலில் இயல்பாக வரும் சொல்பிரிப்பான் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. யூனிகோடில் நம் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. விளைவு, "கோயில்" என்ற சொல் க, ய, ல என்று மூன்று துண்டாக வெட்டப்படுகிறது. "கையால்" என்று தேடினாலும் அதே மூன்று துண்டு வரும், கோயிலும் கிடைக்கும்! இதற்குத் தீர்வு எளிது. சொல்பிரிப்பானின் அமைப்பில் குறி வகைகளையும் சேர்க்கச் சொல்லும் விருப்பம் இருக்கிறது. அதைச் சேருங்கள். அல்லது 2020 கடைசியில் வந்த மும்மூன்று எழுத்தாகப் பிரிக்கும் வழியைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, ஒரே எழுத்து இரண்டு விதமாகச் சேமிக்கப்படுவது. "கொ" என்பதில் வரும் குறியை ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. என்எஃப்சி என்ற யூனிகோடு ஒழுங்குபடுத்தலைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் ஓட்டினால் இது தீரும். ஆனால் "ஸ்ரீ" அதனாலும் தீராது. அதன் முதல் எழுத்துக்கு இரண்டு யூனிகோடு எண்கள் புழங்குகின்றன. "ஔ" எழுத்தை "ஒ" போட்டு "ள" போட்டும், "ரௌ" எழுத்தை "ரெ" போட்டு "ள" போட்டும் அடிப்பவர்களும் உண்டு. "திரௌபதி" என்று தேடுகிறவர் அதில் மாட்டுவார். இவற்றுக்குத் தனி மாற்றுப்பட்டியல் எழுத வேண்டும். நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வரும், அகலமே இல்லாத கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையும் நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது, எழுத்துப்பிழையும் வழக்கு வேறுபாடும். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு தேடல் சாவி வையுங்கள். ஒன்று சரியான வடிவம். மற்றொன்று தளர்த்திய வடிவம்: ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்குங்கள்; ர, ற ஒன்று; ந, ன, ண ஒன்று; ஜ, ஷ, ஸ மூன்றையும் ச ஆக்குங்கள்; இரட்டித்த மெய்யை ஒற்றையாக்குங்கள். இப்படிச் செய்தால் "அர்ச்சுனன்", "அர்ஜுனன்" இரண்டும் "அர்சுனன்" என்றாகி ஒன்றோடொன்று பொருந்திவிடும். "புலிக்குகை" என்று ஒற்றோடு எழுதினாலும் "புலிகுகை" என்று ஒற்றில்லாமல் எழுதினாலும் ஒரே இடம் கிடைக்கும். சரியான சாவியில் பொருந்தியவை மேலே, தளர்த்தியதில் பொருந்தியவை கீழே.

தளர்த்தலால் பிடிக்க முடியாதவை வேறு பெயர் பட்டியலுக்குப் போக வேண்டும். "அருச்சுனன் தவம்", "பகீரதன் தவம்" இரண்டும் அர்ச்சுனன் தபசின் பதிவிலேயே இருக்கட்டும். பஞ்ச பாண்டவர் ரதம், பஞ்சரதம் என்பவை ஐந்து ரதங்களோடு. மாமல்லபுரம், மகாபலிபுரம், மல்லை, கடல்மல்லை நான்கும் ஒரே ஊர். ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் ஏராளம், அந்த வடிவங்களையும் இங்கேயே சேருங்கள். "டாய்லெட்", "பாத்ரூம்" என்று தேடினால் கழிப்பறை வர வேண்டும். வெயிலில் அலைகிற குடும்பத்துக்கு அதைவிட அவசரமான தேடல் இல்லை.

நான்காவது, வேற்றுமை உருபு. குரலில் தேடுகிறவர் "ரதத்துக்கு எப்படிப் போகணும்" என்றுதான் கேட்பார். முழு இலக்கணப் பகுப்பான் இல்லாமலே சமாளிக்க ஒரு வழி உண்டு. குறியில் உள்ள சொல்லின் கடைசிப் புள்ளியை எடுத்துவிடுங்கள். "ம்" என்று முடிந்தால் அந்த மகரத்தையே எடுத்துவிடுங்கள். "கோயில்" என்பது "கோயில" ஆகும், "ரதம்" என்பது "ரத" ஆகும். தேடியவர் சொன்ன சொல் இப்படித்தான் தொடங்குகிறதா என்று பாருங்கள். கோயிலுக்கு, கோயிலின், ரதத்துக்கு, ரதங்கள் எல்லாம் பிடிபடும். மிகச் சிறிய சொற்களில் தவறான பொருத்தங்களும் வரும், அவற்றைச் சரியான சாவி மேலே தள்ளிவிடும்.

கிடைத்த முடிவைக் காட்டும் விதத்துக்கு வருவோம். தேடியதும் மற்றப் பலகைகளை முழுதாக அழித்துவிடாதீர்கள், மங்கலாக்குங்கள். சுற்றியிருப்பது தெரியாவிட்டால் ஆளுக்குத் திக்கு விளங்காது. தேடிய இடம் திரைக்கு வெளியே இருந்தால் ஓரத்தில் அம்பும் தூரமும் போடுங்கள். பாறைக்குப் பின்னால் இருந்தால் அம்பு அதை நேராகச் சுட்டாமல், நடைபாதையில் அடுத்த திருப்பத்தைச் சுட்டட்டும். தேடலை முதலில் கண்ணெதிரே, கிடைக்காவிட்டால் 300 மீட்டருக்குள், அதிலும் இல்லாவிட்டால் ஊர் முழுவதும் என்று தானாக விரியவிடுங்கள். எந்த எல்லையில் கிடைத்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

படி 9: வெயிலில் சோதனை

அறைக்குள் உட்கார்ந்து சோதித்த ஏஆர் செயலியை நம்ப வேண்டாம். நடுப்பகல் வெயிலில் வெள்ளை எழுத்து தெரியாது, கருநிறப் பட்டையின் மேல் எழுதுங்கள். கேமராவும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து ஓடினால் போன் சூடாகும், சூடானால் திரை வெளிச்சத்தை அதுவே குறைத்துக்கொள்ளும். போனைத் தாழ்த்திப் பிடித்ததும் கேமராவை நிறுத்திப் பட்டியலுக்கு மாறிவிடுவது இரண்டுக்கும் மருந்து. கூட்ட நாளில் இணையம் திணறும். அதனால் ஊரின் குறிகள் அனைத்தும் போனிலேயே இருக்க வேண்டும். படங்கள் இல்லாமல் இரண்டாயிரம் பதிவு ஒரு புகைப்படத்தின் அளவைத் தாண்டாது.

பாதுகாப்பையும் இங்கேயே பாருங்கள். மலை மேல் பாறை விளிம்பு இருக்கிறது, கிழக்குத் தெருவில் வண்டி ஓடுகிறது. 2016ல் போக்கிமான் கோ வந்தபோது திரையைப் பார்த்தபடி நடந்து விபத்தில் சிக்கியவர்களை உலகமே பார்த்தது. நிற்கும் புள்ளி ஒவ்வொன்றும் வண்டி வராத, சமதரையில் இருக்கிறதா என்று நேரில் நின்று பாருங்கள். ஆள் நடக்கும்போது பலகையில் பெயரும் தூரமும் மட்டும் இருக்கட்டும், விளக்கம் நின்ற பிறகு திறக்கட்டும். பயனர் நடந்த தடத்தைச் சேமிக்க வேண்டிய தேவை இந்த வேலையில் எங்கேயும் வராது. சேமிக்காதீர்கள். இடத்தை அடையாளம் காண உதவும் என்று தொல்லியல் சின்னங்களின் மேல் எந்தக் குறியீட்டு ஸ்டிக்கரையும் ஒட்டாதீர்கள்.

படி 10: பராமரிப்பு

பாறையும் குகையும் நகராது. கழிப்பறையும் டிக்கெட் கவுன்ட்டரும் கடையும் நகரும். சரிபார்த்த தேதியை வைத்து, சின்னங்களை ஆண்டுக்கொரு முறையும், வசதிகளை மூன்று மாதத்துக்கொரு முறையும், கடைகளை அதைவிட அடிக்கடியும் பார்க்க ஒரு பட்டியல் தானாக வரும்படி செய்யுங்கள். தேதி கடந்த கடைகளை உடனே அழிக்க வேண்டாம், முக்கியத்துவத்தை ஒன்றாகக் குறைத்தாலே திரைக்கு வராது. தேடினால் மட்டும் கிடைக்கும்.

வாரம் ஒருமுறை, பதில் கிடைக்காத தேடல் சொற்களை மட்டும், யார் தேடியது என்ற விவரம் இல்லாமல் எடுத்துப் பாருங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் புதிய இடமாக இருக்காது, ஏற்கெனவே உள்ள இடத்துக்கு மக்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயராக இருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்தக் குறியின் வேறு பெயர்கள் வரியில் அதைச் சேருங்கள்.